வேகத்தடை மேல் போட்ட பழி

பள்ளி வேன் ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் அக்கா. வண்டியின் ஹாரனைவிட அவள் தொண்டைக்குச் சத்தம் அதிகம் என்பதால் வந்த பெயர். குறுக்கே வண்டியை விடுகிறவன், சிக்னலில் செல்போன் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், பிள்ளையை இன்னும் குளிப்பாட்டவே இல்லை என்று பல்லைக் காட்டும் தகப்பன், யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவே சொன்னது. ஆனால் அந்த வேனில் ஏறின பிள்ளை ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பும் என்றும் அதே தெருவுக்குத் தெரியும். அதனால் திட்டு வாங்கிக்கொண்டே பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயடைத்து நின்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் வயிற்றில் ஒன்று தங்கியது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தியபோது அது நடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் சொல்வதுபோல், "போயிடுச்சும்மா. ரெஸ்ட் எடு. அடுத்தது நிக்கும்" என்றார். ஏன் போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அவர் சொல்லாததைச் சொல்ல ஊரே கிளம்பி வந்தது. ஒருத்தி பழம் வாங்கிக்கொண்டு வந்தாள், ஒருத்தி வெறும் கையோடு வந்தாள், கேள்வி மட்டும் எல்லோரிடமும் ஒன்றாகவே இருந்தது. "வண்டி ஓட்டினியா?" நாக்கில் நரம்பில்லாமல் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருபடி மேலே போய், "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னாள். புருஷனுடைய அம்மா, அவள் அத்தை என்று கூப்பிடும் அந்த மெல்லிய குரல்காரி, ஒரு மூலையில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றவர்கள் மணிக்கணக்கில் பேசினதைவிட அது ஆழமாக இறங்கிவிட்டது.

ஹாரன் அக்கா பதில் பேசவில்லை. காரணம் இருந்தது. பேக்கரி முனையில் ஒரு வேகத்தடை உண்டு. எவனோ புண்ணியவான் தன் வீட்டு வாசலில் வண்டிகள் மெதுவாகப் போகவேண்டும் என்று தானே சிமென்ட் குழைத்துப் போட்டுக்கொண்டது. வெள்ளைக் கோடும் கிடையாது, பலகையும் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் வாந்தி வருகிறது என்று அழுதது. சீக்கிரம் வீடு சேர்க்கலாம் என்று இவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப்போட்டதில் சீட்டைவிட்டு எழும்பி உட்கார்ந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது பொய் என்று கத்த வாய் துடித்தது. ஒருவேளை நிஜமோ என்ற பயம் அந்த வாயைப் பொத்தியது.

அப்புறம் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்தாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் இறங்கிப் போய்ச் சண்டை போட்டாள்.

அவளுடைய புருஷன் ஒரு கூரியர் கிடங்கில் பேக்கிங் வேலை பார்ப்பவன். நல்லவன். நல்லவர்கள் பண்ணும் தொல்லை தனி ரகம், கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. எதைக் கொடுத்தாலும் ஒரே பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே தேதி எழுதிவிடுவான். வீட்டில் பருப்பு டப்பாவுக்கும் தேதி, துவைக்கிற சோப்புக்கும் தேதி. அத்தைக்கோ வேறு ஒரு வினோதம் இருந்தது. ஸ்டூல் மேல் ஏறமாட்டாள். மேல் அலமாரியில் இருக்கும் ஒரு டம்ளர் வேண்டுமென்றாலும், யாராவது வீடு திரும்பும் வரை காத்திருப்பாள். "அத்தைக்கு ஸ்டூலுக்கும் ஜென்மப் பகை" என்று மருமகள் கேலி பண்ணுவாள். அத்தை சிரிக்கமாட்டாள், பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு வருடம் கழித்து, மறுபடி முயற்சி பண்ணுவதற்கு முன்னால் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று ஹாரன் அக்கா தானாகக் கிளம்பினாள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஐம்பது தாண்டின பெண்மணி, அவருக்கும் பொறுமை கிடையாது. அதனால் இருவருக்கும் உடனே ஒத்துப்போயிற்று.

"என்ன பண்ணதால போச்சுன்னு நீ நெனைக்கற?" என்று டாக்டர் நேராகக் கேட்டார்.

ஹாரன் அக்கா முதல்முறையாக அந்த வேகத்தடையைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது, அதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அந்த ரோட்டுல பஸ் போகுதா?"

"போகுது டாக்டர்."

"அதுல மாசமா இருக்கறவங்க போறாங்கல்ல? எல்லாருக்குமா போச்சு? இங்க பாரும்மா. ஆரம்ப மாசங்கள்ல கலையறதுல பாதிக்கு மேல, கரு உருவாகறப்பவே உள்ள ஏதோ தப்பா அமைஞ்சிடறதுதான். வண்டி ஓட்டினதாலயும் இல்ல, மாடி ஏறினதாலயும் இல்ல, சண்ட போட்டதாலயும் இல்ல, புருஷன்கூடப் படுத்ததாலயும் இல்ல. நீ படுக்கையிலயே கெடந்திருந்தாலும் அது போயிருக்கும்."

ஆறுதல் வரும் என்று யாரும் நினைப்பார்கள். அவளுக்கு வந்தது கோபம். "இத அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? ஒரு வருஷமா நான் என்னையே தின்னுட்டு இருக்கேனே" என்று மேஜையைத் தட்டினாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

சர்க்கரை சரியாக இருந்தது. தைராய்டு சரியாக இல்லை. "போன தடவை இதனாலதான்னு நான் சொல்லமாட்டேன், தெரியாது. ஆனா தைராய்டு கட்டுக்குள்ள இல்லன்னா ஆபத்து கூடும். நம்ம கையில இருக்கறது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்த விடக்கூடாது" என்றார். தினம் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. கரு தங்குவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் மாத்திரை. காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி முழுங்காமல் வந்து காட்டவேண்டும். "வீட்ல யாராவது சிகரெட்?" என்று கேட்டார். மாடியில் போய்ப் பிடிப்பார் என்றாள் இவள். "மாடியில வெச்சு மறக்கச் சொல்லு" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் அன்றைக்கே சிகரெட்டை நிறுத்தினான், அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். "வண்டி விஷயத்த டாக்டர் ஒரு ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாங்க" என்று வாயைக் கொடுத்தான். அன்றைக்கு அவன் வாங்கின திட்டைப் பக்கத்துத் தெருவே கேட்டது. அத்தை மட்டும், "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நமக்கு நடந்தது நமக்குத் தெரியாதா" என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுபடியும் நாள் தள்ளிப்போனது. சேதி உறுதியான அன்றைக்குச் சாயங்காலம் வேன் சாவியைக் காணோம்.

"சாவி எங்க அத்தை?"

"பத்திரமா இருக்கு."

"பிள்ளைங்க காத்திட்டிருப்பாங்க."

"மாப்பிள்ளை ஓட்டுவாரு. நீ படு."

மாப்பிள்ளை என்றது நாத்தனாரின் வீட்டுக்காரரை. அவர் கியர் மாற்றும் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். தன் வண்டியை ஒருத்தர் கரகரவென்று அரைப்பதைக் கேட்டுக்கொண்டு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஹாரன் அக்கா மாதக்கணக்கில் கிடந்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். டாக்டரையே கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். அத்தை போனை வாங்கமாட்டேன் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசியில் இவளுக்கே வெறுத்துப்போய், "என்னமோ பண்ணிக்கோங்க. சாப்பாடு, மாத்திரை எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கோங்க. நான் எதுலயும் தலையிடல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் தாண்டியது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் புதிதாகச் சேர்ந்தன. எதை எப்போது போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதை இவள் அரைக்காதில் கேட்டாள். வீராப்பில் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பொறுப்பு புருஷன் கைக்குப் போயிற்று. அவன் கிடங்கிலிருந்து சின்னச் சின்ன உறைகள் கொண்டுவந்து, உட்கார்ந்து, எல்லா மாத்திரையிலும் ஒவ்வொன்று எடுத்து, ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினான். ஒட்டினான். தேதி எழுதினான். ஒரு பெட்டியில் வரிசையாக அடுக்கினான். அதைப் பார்த்து அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு டம்ளர் பாலோடு நீட்டுவாள். இவள் பாலையும் மாத்திரைகளையும் ஒரே மூச்சில் முழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

அடுத்த பரிசோதனையில் தைராய்டு குறையவில்லை, ஏறியிருந்தது. ஆய்வகத்தில் இருந்து ரிப்போர்ட்டை வாங்கிவந்த புருஷன், டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான். "வண்டியையே நெனச்சுட்டுப் படுத்திருந்தா எப்படிக் கொறையும்" என்றாள் அத்தை. ஹாரன் அக்கா தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தாள்.

திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணியில் ரத்தம் தெரிந்தது.

புருஷன் கிடங்கில் கூடுதல் ஷிப்ட். போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லை. அத்தைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "படு, படு, அசையாத" என்று மருமகளின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"படுத்தா நிக்காது அத்தை. டாக்டர்கிட்டப் போகணும். சாவியக் குடுங்க."

"வண்டியா? இப்பவா? நான் தரமாட்டேன்."

"போன தடவை குளியலறையில தனியா நின்னேன். இந்தத் தடவை அப்படி நிக்கமாட்டேன். சாவி எங்கன்னு சொல்றீங்களா, இல்ல வீட்டயே கவுத்துப்போட்டுத் தேடட்டுமா?"

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், கீழ்த்தட்டில் இருந்த மாவு டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சாவியை எடுத்தாள். வெள்ளையாக மாவு ஒட்டின சாவி. வெளியே கிளம்பும்போது என்ன தோன்றியதோ, மாத்திரைப் பெட்டியையும் தூக்கி இடுக்கிக்கொண்டாள்.

பேக்கரி முனை வந்தபோது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் அக்கா மெதுவாகத்தான் ஏற்றினாள், மெதுவாகத்தான் இறக்கினாள். டாக்டர் சொன்னதெல்லாம் புத்திக்குத் தெரிந்திருந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானாலும் நல்லவேளையாக டாக்டர் கிளினிக்கில் இருந்தார். முதல் திட்டு அவளுக்குத்தான் விழுந்தது. "ரத்தம் போறப்ப நீயே ஓட்டிட்டு வந்தியா? வழியில மயக்கம் வந்திருந்தா உன்னையும் சேர்த்து நாலு பேரு போயிருப்பாங்க. ஆம்புலன்ஸ்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? உனக்கு அறிவு இருக்கா?" கத்திக்கொண்டே டாக்டர் அவளைப் படுக்கவைத்து ஸ்கேன் கருவியை வயிற்றில் ஓட்டினார். பிறகு அந்தச் சத்தம் வந்தது, டக்கு டக்கு டக்கு டக்கு என்று, எங்கோ அவசரமாக ஓடுவதுபோல.

"இருக்கு. நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

ஹாரன் அக்கா அழுதாள். அத்தை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தக் கசிவு லேசானதுதான், கர்ப்பப்பை வாய்ப்பக்கம் இருந்து வந்திருக்கிறது, கவனித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். முகம் மாறியது. "மாத்திரை போடறியா இல்லையா?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

அத்தை எழுந்து பெட்டியைத் திறந்து பெருமையோடு நீட்டினாள். "எம் பையன் கட்டினது. பேக்கிங்ல இருக்கான்."

டாக்டர் ஒரு பொட்டலத்தைக் கிழித்து மேஜையில் கொட்டினார். நாலு நிறத்தில் நாலு மாத்திரைகள் உருண்டன. "எல்லாத்தையும் ஒண்ணாவா?"

"காலையில எழுந்ததும். பாலோட" என்றாள் அத்தை.

"நல்லாத்தான் கட்டியிருக்காரு. ஆனா இது சரக்கு இல்லம்மா. இரும்பும் கால்சியமும் கூடப் போனா தைராய்டு மாத்திரைய உடம்புல சேரவிடாது. பாலும் விடாது. காலையில அது மட்டும், தண்ணியோட. மத்தது நாலு மணி நேரம் கழிச்சு. நான் உங்கிட்ட சொன்னேன்ல?" என்று இவளைப் பார்த்தார்.

சொன்னார்தான். அவள்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஹாரன் அக்கா திணறினாள். வண்டியைப் பிடுங்கினார்கள், படியில் இறங்கவிடவில்லை, ஜன்னல் திறக்கவிடவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தார்கள். ஆபத்து மட்டும் தேதி போட்ட உறையில், பால் டம்ளரோடு தினமும் வந்துகொண்டிருந்தது. "பூட்டவேண்டியத விட்டுட்டு என்னப் போட்டுப் பூட்டினீங்களே அத்தை" என்றாள்.

"மாத்திரைய ஒழுங்காப் போடு, வண்டிய உடம்பு தேறினதும் ஓட்டு. என்ன ஆனாலும் வேகத்தடை காரணம் இல்ல. நடக்கவே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ணித் தரமுடியாது. ஆனா நடந்தா அது உன் தப்பு இல்ல" என்றார் டாக்டர்.

எழுந்துகொள்ளும் நேரத்தில் அத்தை வாய் திறந்தாள். குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. "டாக்டரம்மா. ஸ்டூல் மேல ஏறினா?"

"எந்த ஸ்டூல்?"

"இவ புருஷன் பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. மொதல் தடவை, மேல இருந்து பெட்டி எடுக்க ஸ்டூல்ல ஏறினேன். மறுநாள் போச்சு. நீதான் கொன்னேன்னு சொன்னாரு அவரு. சாகற வரைக்கும் சொன்னாரு."

"ரெண்டாவது தடவை?"

"ஏறவே இல்ல. அதுவும் போச்சு. ஏறிட்டு மறைக்கறேன்னு சொன்னாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டூல்ல இருந்து விழுந்தீங்களா?"

"இல்ல. ஏறினேன், எடுத்தேன், இறங்கினேன்."

"அப்ப ஸ்டூல்னால போகலம்மா. நீங்க எதுவும் பண்ணல."

அத்தை தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டினவள், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். மருமகள் கையைப் பிடித்த பிறகுதான் நின்றது.

போன் பார்த்துவிட்டுப் புருஷன் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தான், கூடவே வண்டி ஓட்டத் தெரிந்த ஒரு கிடங்கு நண்பரும் வந்தார். மேஜைமேல் பிரிந்து கிடந்த பொட்டலத்தைப் பார்த்து, சேதி கேட்டு, அவன் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பும்போது அந்த நண்பர் பேக்கரி முனையில் வேகத்தடையைப் பார்க்காமல் தடால் என்று ஏற்றி இறக்கினார். எல்லோரும் சீட்டைவிட்டு எழும்பினார்கள். ஹாரன் அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தை கண்ணை மூடியிருக்கவில்லை. "கொஞ்சம் பாத்து ஓட்டுங்க தம்பி. வண்டிக்கு ஆகாது" என்றாள்.

வண்டியை நிறுத்திவிட்டு நண்பர் நீட்டின சாவியை அத்தைதான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அந்த ஸ்டூலைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்துவந்தாள். சுவரின் உச்சியில் மாமனாரின் படம் மாட்டியிருந்தது. தடித்த மீசை, எதையும் மன்னிக்காத பார்வை. அத்தை அதன் கீழே ஸ்டூலைப் போட்டாள்.

"அம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகன் ஓடிவந்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க." அந்தக் குரலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மருமகள் மட்டும் பக்கத்தில் வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அவள் தோளில் ஒரு கையை ஊன்றி ஏறினாள். படத்தைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி, அதே ஆணியில் மாட்டினாள்.

கீழே இறங்கி, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு மருமகளிடம் கொடுத்தாள்.

ஹாரன் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொண்டை தாயுடையது என்று பிரசவ அறை நர்ஸே சொன்னாள். குழந்தை பார்க்க ஊரே மறுபடி வந்தது. எதிர்வீட்டுக்காரி கூடத்தில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, "என்னங்க இது, அவரு படம் திரும்பி இருக்கு?" என்றாள்.

அத்தை பேத்தியை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நான் ரொம்ப வருஷம் பாத்தேன். இப்ப அவரு கொஞ்ச நாள் சுவத்தப் பாக்கட்டும்" என்றாள்.